இளையோர் டிஸ்டோபியத் தொடர்கள்: கடைசி நாவல் மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

ஹங்கர் கேம்ஸ் முதல் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்தவர்கள், இரண்டாவதை அதைவிட வேகமாக முடித்தவர்கள், மூன்றாவதில் பாதி தாண்டுவதற்குள் சோர்ந்துபோய் "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். டைவர்ஜென்ட் தொடரின் வாசகர்களிடம் கடைசிப் புத்தகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நேரடியாகக் கோபமே வரும். மேஸ் ரன்னர் படித்தவர்கள் "கடைசி வரைக்கும் பதிலே சொல்லவில்லையே" என்பார்கள். மூன்று தொடர்கள், மூன்று எழுத்தாளர்கள், எல்லாருக்கும் கடைசி நாவலில்தான் வாசகர்களோடு தகராறு. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த வகைத் தொடரில் கடைசி நாவலுக்கு என்று ஒரு தனி வேலை இருக்கிறது, அது முதல் இரண்டு புத்தகங்களின் வேலைக்கு நேர் எதிரானது. அது என்ன வேலை என்று புரிந்துவிட்டால் அந்த நாவல்களைப் பிடிக்கிறதோ இல்லையோ, அவை ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதாவது தெளிவாகிவிடும்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், முடிவுகளைச் சொல்லாமல் முடிவு நாவல்களைப் பற்றிப் பேச வழியில்லை. ஹங்கர் கேம்ஸ், டைவர்ஜென்ட், மேஸ் ரன்னர் மூன்றிலும் யார் சாகிறார்கள், என்ன ஆகிறது என்பதெல்லாம் கீழே வரும். இன்னும் சில தொடர்களின் முடிவும் வரும். தெரிய வேண்டாம் என்பவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

முதலில் டிஸ்டோபியா. ஒரு கற்பனைச் சமூகம், பெரும்பாலும் எதிர்காலத்தில். வெளியிலிருந்து பார்த்தால் ஒழுங்கு இருக்கும், அமைதி இருக்கும், அந்த அமைதிக்கான விலையை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஹக்ஸ்லியின் பிரேவ் நியூ வேர்ல்ட் (1932), ஆர்வெல்லின் 1984 (1949) இரண்டும் இதற்குப் பெயர்போன உதாரணங்கள். இரண்டுமே ஒற்றை நாவல்கள், இரண்டிலும் எதிர்த்து நின்ற மனிதன் தோற்றுப்போகிறான். 1984 முடியும்போது கதாநாயகன் வின்ஸ்டன் உடைந்துபோய், தான் எதிர்த்த ஆட்சியின் தலைவனான பெரியண்ணனையே நேசிக்கத் தொடங்கிவிடுகிறான், ஆட்சி அசையாமல் அப்படியே நிற்கிறது. அந்தத் தோல்விதான் வாசகனுக்கான எச்சரிக்கை, அதோடு நாவலின் வேலை முடிந்துவிடுகிறது.

இளையோர் நாவலில் இது நடக்காது. கதாநாயகிக்குப் பதினாறு வயது, படிக்கிறவருக்கும் கிட்டத்தட்ட அதே வயது. அந்த வாசகரிடம் "எதிர்த்தால் நசுங்கிப்போவாய்" என்று மட்டும் சொல்லி அனுப்ப எழுதுகிறவர்களுக்கு மனம் வருவதில்லை, அது சரியும் அல்ல என்பதே என் கட்சி. ஆகவே ஆட்சி விழுந்தாக வேண்டும். ஆட்சி விழுந்தாக வேண்டும் என்று முடிவானதுமே 1984இல் எழாத ஒரு கேள்வி வந்து நிற்கிறது: விழுந்த பிறகு? நாற்காலி காலியாகிவிட்டது, அதில் உட்காரப்போவது யார், அவர் பழைய ஆளைவிட நல்லவர் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இந்தக் கேள்வியை ஆர்வெல்லே 1945இல் அனிமல் ஃபார்மில் எடுத்திருக்கிறார். நல்ல இளையோர் டிஸ்டோபியத் தொடர் ஒன்று 1984 போல ஆரம்பித்து அனிமல் ஃபார்மில் வந்து நிற்கிறது என்று சொல்லலாம். அந்தத் திருப்பம் நடக்கிற இடம் கடைசி நாவல்.

முதல் இரண்டும் "பிழைப்பார்களா?" என்று கேட்கின்றன. மூன்றாவது "ஜெயித்தவர்கள் என்னவாக மாறினார்கள்?" என்று கேட்கிறது. வாசகர் முதல் கேள்விக்கான பதிலை எதிர்பார்த்துக்கொண்டே மூன்றாவது புத்தகத்துக்குள் நுழைகிறார். தகராறு அங்கே ஆரம்பிக்கிறது.

கூண்டு போனதும் வேகமும் போகிறது

இன்னொரு காரணமும் உண்டு, இது கதைத்தொழில் சம்பந்தப்பட்டது, அதிகம் பேசப்படுவதில்லை. முதல் புத்தகத்தில் எப்போதும் ஒரு கூண்டு இருக்கும். ஹங்கர் கேம்ஸில் போட்டி அரங்கம், மேஸ் ரன்னரில் புதிர்ச்சுவர்களுக்கு நடுவே இருக்கும் திடல், டைவர்ஜென்ட்டில் டான்ட்லெஸ் என்ற துணிச்சல்காரர் பிரிவில் சேர்வதற்கான பயிற்சி. கூண்டுக்கு விதிகள் உண்டு, எல்லை உண்டு, கணக்கு உண்டு. இருபத்து நாலு பேர் உள்ளே போகிறார்கள், ஒருவர் வெளியே வரவேண்டும் என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை பேர் மிச்சம் என்பது நமக்குத் தெரிகிறது. அந்தக் கணக்கே கதையை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இரண்டாவது புத்தகத்தில் அதே கூண்டு பெரிதாகிறது, அல்லது முதல் கூண்டு இன்னொரு பெரிய கூண்டுக்குள் இருந்தது தெரியவருகிறது.

மூன்றாவதில் கூண்டு கிடையாது. நடப்பது போர். போருக்கு விதியும் இல்லை, எத்தனை பேர் மிச்சம் என்ற கணக்கும் இல்லை, எப்போது முடியும் என்பதும் தெரியாது. கதாநாயகி பல நாட்கள் ஒரு மூலையில் காத்துக்கிடக்கிறாள், முடிவுகளை வேறு அறைகளில் வேறு யாரோ எடுக்கிறார்கள். வாசகருக்கு இது தொய்வாகத் தெரிவது இயல்புதான். ஆனால் போரில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் இடம் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும்.

மாக்கிங்ஜே: ஒரு நாவலைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்

சூசன் காலின்ஸ் எழுதிய ஹங்கர் கேம்ஸ் 2008இல் வந்தது, கேட்சிங் ஃபயர் 2009இல், மாக்கிங்ஜே 2010 ஆகஸ்டில். மூன்றுக்கும் ஒரே வடிவம்: ஒவ்வொன்றிலும் மூன்று பகுதிகள், பகுதிக்கு ஒன்பது அத்தியாயங்கள், மொத்தம் இருபத்தேழு. காலின்ஸ் நாவலுக்கு வருவதற்கு முன்பு தொலைக்காட்சிக்கு எழுதியவர். அவருடைய அப்பா விமானப்படை அதிகாரி, வியட்நாம் போருக்குப் போய்வந்தவர். அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒன்றில் ரியாலிட்டி போட்டியும் இன்னொன்றில் இராக் போர்க் காட்சிகளும் வந்தன, இரண்டும் மனதில் கலந்ததில் இந்தக் கதை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். முதல் புத்தகத்தில் ரியாலிட்டி போட்டி தூக்கலாகத் தெரியும். கடைசிப் புத்தகத்தில் மிஞ்சுவது போர்க் காட்சிகள்.

கதை இதுதான். பானெம் என்ற நாடு, நடுவில் கேப்பிட்டல் என்ற தலைநகரம், அதற்கு உழைத்துப்போடும் பன்னிரண்டு மாவட்டங்கள். முன்பு நடந்த கிளர்ச்சிக்குத் தண்டனையாக ஒவ்வொரு ஆண்டும் மாவட்டத்துக்கு ஒரு பையனும் ஒரு பெண்ணும் போட்டி அரங்கத்துக்குப் போய் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். காட்னிஸ் எவர்டீன் தன் தங்கை ப்ரிமின் பெயர் சீட்டில் வந்ததும் அவளுக்குப் பதிலாகத் தானே முன்வருகிறாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொடர் முழுக்க இந்தப் பெண் செய்கிற எல்லாமே தங்கையைக் காப்பாற்றுவதில் இருந்து தொடங்கியது.

மாக்கிங்ஜே தொடங்கும்போது காட்னிஸ் தன் ஊரின் சாம்பலில் நின்றுகொண்டிருக்கிறாள். மாவட்டம் 12 குண்டுவீச்சில் அழிந்துவிட்டது. தப்பியவர்களுக்கு அடைக்கலம் கொடுத்திருப்பது மாவட்டம் 13. அது எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டதாக எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த இடம், பூமிக்கடியில் அணு ஆயுதங்களோடு பத்திரமாக இருந்திருக்கிறது. சரி, நல்லவர்கள் வந்துவிட்டார்கள், இனிமேல் சண்டைதான் என்று நினைப்போம். காலின்ஸ் அப்படி நினைக்க விடுவதில்லை. மாவட்டம் 13இல் காலையில் எழுந்ததும் கையைச் சுவரில் இருக்கும் ஒரு கருவிக்குள் நீட்ட வேண்டும், அன்றைய நேர அட்டவணை ஊதா மையில் கையில் பதிந்துவிடும், எத்தனை மணிக்குச் சாப்பாடு, எத்தனை மணிக்கு வேலை, எத்தனை மணிக்குக் குளியல் என்று எல்லாமே. இரவு குளிக்கும் நேரம் வரும்வரை மை அழியாது. சாப்பாடு அளந்துதான் கிடைக்கும். ஒரு நாள் காட்னிஸ் அங்கே அடைத்துவைக்கப்பட்டிருக்கும் மூன்று பேரைப் பார்க்கிறாள். கேப்பிட்டலில் அவளுக்கு ஒப்பனை செய்துவிட்ட குழு, அசட்டுத்தனமான, யாருக்கும் தீங்கு நினைக்காத மூன்று பேர். சங்கிலியால் கட்டிப்போட்டிருக்கிறார்கள். கூடுதலாக ரொட்டி எடுத்ததுதான் குற்றம்.

அந்தச் சங்கிலி முக்கியம். கதையின் திருப்பம் கடைசி அத்தியாயங்களில் திடீரென்று வந்துவிட்டதாகப் பலர் சொல்வதுண்டு, ஆனால் ஒரு துண்டு ரொட்டிக்காக மனிதர்களைச் சுவரோடு கட்டுகிற தலைமை என்ன செய்யக்கூடியது என்பதை நாவல் ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறது. மாவட்டம் 13இன் தலைவி காயின் அதிர்ந்து பேசாதவர், எல்லாவற்றையும் கணக்கிட்டுச் செய்கிறவர். காட்னிஸ் அவருக்கு ஒரு பிரச்சாரப் படம், அவ்வளவுதான். கேமராவுக்கு முன்னால் நிற்கவைத்து, வசனம் கொடுத்து, புகையும் வெளிச்சமும் போட்டு எடுக்கிறார்கள், கேவலமாக வருகிறது. அப்புறம்தான் அவளை உண்மையான போர்க்களத்துக்கு அழைத்துப்போய், குண்டு விழுந்த மருத்துவமனைக்கு முன்னால் அவள் கத்துவதைப் படம்பிடிக்கிறார்கள். அது எடுபடுகிறது. போட்டி அரங்கத்தில் கேப்பிட்டல் செய்ததும் இதே வேலைதான், பெண் ஒருத்தியின் வேதனையைப் படம்பிடித்து ஒளிபரப்புவது. இப்போது "நம் ஆட்கள்" செய்கிறார்கள்.

நடுவில் இன்னொரு காட்சி இருக்கிறது, முதல் வாசிப்பில் எளிதாகக் கடந்துபோய்விடுவோம். காட்னிஸின் பால்ய நண்பன் கேல், ஆயுத நிபுணர் பீட்டி, இருவரும் வேட்டைப் பொறிகளை எப்படிக் குண்டுகளாக மாற்றலாம் என்று ஆலோசிக்கிறார்கள். ஒரு குண்டு வெடிக்க வேண்டும், காயம்பட்டவர்களுக்கு உதவ ஆட்கள் ஓடிவர வேண்டும், அப்போது இரண்டாவது வெடிக்க வேண்டும். மனிதனின் இரக்கத்தையே இரையாக வைக்கும் பொறி. காட்னிஸ் இதில் எல்லை மீறுகிறது என்கிறாள், கேல் எதிரி இதே விதிப்புத்தகத்தைத்தான் பின்பற்றுகிறான் என்கிறான்.

இனி முடிவு. தலைநகரம் விழப்போகிறது. அதிபர் ஸ்னோவின் மாளிகைக்கு முன்னால் கேப்பிட்டல் குழந்தைகளை நிறுத்திவைத்திருக்கிறார்கள், மனிதக் கேடயமாக. கேப்பிட்டல் முத்திரை போட்ட விமானம் ஒன்று வருகிறது, வெள்ளி பாராசூட்டுகள் இறங்குகின்றன. போட்டி அரங்கத்தில் பரிசுப்பொருட்கள் வந்த அதே பாராசூட்டுகள், ஆகவே குழந்தைகள் ஆசையாகக் கை நீட்டுகிறார்கள். சில வெடிக்கின்றன. கிளர்ச்சிப் படையின் மருத்துவ உதவியாளர்கள் ஓடிவருகிறார்கள், அவர்களில் ப்ரிம் இருக்கிறாள். மிச்சமிருந்தவை வெடிக்கின்றன.

எந்தத் தங்கைக்காக எல்லாம் தொடங்கியதோ அந்தத் தங்கை, ஜெயிக்கிற நேரத்தில், அநேகமாகத் தன் பக்கத்துக் குண்டாலேயே சாகிறாள். ப்ரிமுக்குப் பதினாலு வயதுகூட ஆகவில்லை. அந்த வயதுப் பெண்ணைப் போர்முனைக்கு அனுப்ப மேலிருந்து யாரோ அனுமதித்திருக்க வேண்டும். காட்னிஸ் கேலிடம் அது உன் குண்டா என்று கேட்கிறாள், அவனுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அவர்கள் உறவு அங்கே முடிந்துவிடுகிறது. மூன்று புத்தகமாக "காட்னிஸ் யாரைத் தேர்ந்தெடுப்பாள், கேலா, அவளோடு அரங்கத்துக்குப் போன பீட்டாவா" என்று வாசகர்கள் அணி பிரிந்து வாதாடினார்கள், அதற்கான பதில் காதல் காட்சியில் வராமல் ஒரு குண்டின் வடிவமைப்பில் வந்தது. என் வாசிப்பில் இந்தத் தொடரின் மிகச் சிறந்த முடிவு இதுதான். முக்கோணக் காதல் இந்த வகை நாவல்களில் சலிக்கச் சலிக்க வரும், ஆனால் காலின்ஸ் அதைப் போரைப் பற்றிய கேள்வியாகவே மாற்றிவிட்டார்.

அடுத்து வாக்கெடுப்பு. காயின் பழைய போட்டிகளில் ஜெயித்து மிச்சமிருக்கும் ஏழு வெற்றியாளர்களைக் கூட்டி, கேப்பிட்டல் குழந்தைகளைக் கொண்டு கடைசியாக ஒரு ஹங்கர் கேம்ஸ் நடத்தலாமா என்று கேட்கிறார். பீட்டா கூடவே கூடாது என்கிறான். ஆனி, பீட்டி இருவரும் அவன் பக்கம். ஜோஹன்னாவும் எனோபாரியாவும் நடத்தலாம் என்கிறார்கள். காட்னிஸ் ப்ரிமுக்காக நடத்தலாம் என்கிறாள், போட்டியில் அவளுக்கு வழிகாட்டியாக இருந்த ஹேமிச் அவள் வழியே தன் வழி என்கிறார். நாலுக்கு மூன்று. வாசகர்கள் இந்த இடத்தில் இன்றுவரை பிரிந்து நிற்கிறார்கள், அவள் மனதார அப்படிச் சொன்னாளா, இல்லை காயினை நம்பவைப்பதற்காகச் சொன்னாளா என்று. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஏனென்றால் அடுத்த காட்சியில் ஸ்னோவைக் கொல்வதற்காக அவள் கையில் கொடுக்கப்பட்ட ஒரே அம்பை அவள் காயின்மீது எய்கிறாள்.

ஆட்சி மாற்றத்துக்காக மூன்று புத்தகம் போராடிய பெண், கடைசியில் தன் பக்கத்துத் தலைவரையே கொல்கிறாள். அதற்குப் பிறகு கொண்டாட்டம் ஏதும் இல்லை. அவளுடைய வழக்கு அவள் இல்லாமலே நடக்கிறது, மனநிலை சரியில்லாதவள் என்று தீர்ப்பாகி அழிந்துபோன ஊருக்கே அனுப்பப்படுகிறாள். அவளை உடைத்து அழவைப்பதும் பெரிய சம்பவம் ஒன்றும் இல்லை, ப்ரிமின் பூனை. அவலட்சணமான, காட்னிஸுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காத அந்தப் பூனை, ப்ரிமைத் தேடி அவ்வளவு தூரம் நடந்து வந்துவிடுகிறது. அவள் இனி வரமாட்டாள் என்று அதனிடம் கத்துகிறாள், பொருளை எடுத்து வீசுகிறாள், பிறகு இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். ஃபின்னிக் போன்ற ஒரு பெரிய பாத்திரம் சுரங்கப்பாதையில் சில வரிகளில் செத்துப்போவதும் இதே நாவலில்தான். அது அவசரம் என்று விமர்சித்தவர்கள் உண்டு. எனக்கும் அந்த இடம் உறுத்தியது, இருந்தாலும் போரில் சாவுக்குத் தனி அத்தியாயம் கிடைக்காது என்று ஆசிரியர் நினைத்திருக்கக்கூடும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்

வெரோனிகா ராத் டைவர்ஜென்ட்டின் முதல் புத்தகத்தை வெளியிட்டபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. 2011, 2012, 2013 என்று ஆண்டுக்கு ஒன்றாக மூன்று நாவல்கள். வருங்காலச் சிகாகோவில் மக்கள் ஐந்து குணங்களின் பெயரில் ஐந்து பிரிவுகளாக வாழ்கிறார்கள். முதல் இரண்டு புத்தகங்களையும் டிரிஸ் மட்டுமே "நான்" என்று சொல்கிறாள். மூன்றாவதான அலீஜியன்ட்டைத் திறந்ததும் ஒரு அத்தியாயம் டிரிஸ், இன்னொரு அத்தியாயம் அவள் காதலன் டோபயஸ் என்று இரண்டு குரல்கள். இந்த இடத்திலேயே விவரமான வாசகருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். ஒருவரே கதை சொல்லும்போது அவர் சாக முடியாது, கதை நின்றுவிடும். இன்னொரு குரல் சேர்க்கப்பட்டிருக்கிறது என்றால், முதல் குரல் பாதியில் நிற்கப்போகிறது என்று அர்த்தமாகலாம். அதுதான் நடக்கிறது. அந்த நகரமே மரபணுச் சோதனைக்காக ஒரு அமைப்பு நடத்திய ஏற்பாடு என்று தெரியவருகிறது, தன்னைக் காட்டிக்கொடுத்த அண்ணன் காலெப் போகவேண்டிய தற்கொலைப் பணிக்கு டிரிஸ் தானே போகிறாள், வேலையை முடிக்கிறாள், சுட்டுக் கொல்லப்படுகிறாள்.

கதாநாயகியே செத்துப்போனதை வாசகர்களில் பெரும்பகுதியினர் ஏற்கவில்லை. எனக்குச் சாவில் குறை தெரியவில்லை, தன்னலமறுப்புப் பிரிவில் பிறந்த பெண்ணுக்கு அது பொருந்துகிற முடிவு. குறை வேறு இடத்தில். இரண்டு குரலும் ஒரே மாதிரி பேசுகின்றன, அத்தியாயத் தலைப்பைப் பார்க்காமல் யார் பேசுகிறார்கள் என்று பல இடங்களில் சொல்ல முடியாது. அப்புறம், ஐந்து பிரிவுகளை வைத்து இரண்டு புத்தகம் நம்மைக் கட்டிப்போட்டுவிட்டு, மூன்றாவதில் அதெல்லாம் சோதனைக்கூடம் என்று சொன்னால் முதல் இரண்டிலும் நாம் கவலைப்பட்ட விஷயங்கள் சிறுத்துப்போகின்றன. கூண்டுக்கு வெளியே இன்னொரு கூண்டு என்பதை இரண்டாவது புத்தகத்தில் செய்தால் திகைப்பு வரும், கடைசிப் புத்தகத்தில் செய்தால் அதை விளக்கவே நேரம் போய்விடும்.

மேஸ் ரன்னர் தொடரின் மூன்றாவது நாவலான ஜேம்ஸ் டாஷ்னரின் த டெத் க்யூர் (2011) வேறு வழி எடுத்தது. ஃப்ளேர் என்ற மூளைநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கத்தான் பிள்ளைகள் இவ்வளவு வதைபட்டார்கள். கடைசியில் மருந்து கிடைப்பதே இல்லை. நோய் தொற்றாதவர்கள் மட்டும் ஒரு பாதுகாப்பான இடத்துக்குத் தப்பிப்போகிறார்கள், மிச்ச உலகம் கைவிடப்படுகிறது. தலைப்பில் மருந்து என்று போட்டுவிட்டு மருந்தைக் கொடுக்காத துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் நோயின் பின்கதையைக் கடைசிப் பக்கத்தில் ஒரு அலுவலகக் குறிப்பாக வைத்து முடித்தது சோம்பேறித்தனம். அந்த நாவலில் மறக்க முடியாதது நியூட் எழுதிக்கொடுத்த சீட்டு. நண்பன் தாமஸ் அதைத் தாமதமாகப் பிரித்துப் பார்க்கிறான், உண்மையான நண்பன் என்றால் என்னைக் கொன்றுவிடு என்று எழுதியிருக்கிறது.

குரல்கள் பெருகுவது அலீஜியன்ட்டில் மட்டும் நடந்ததல்ல. அலி காண்டியின் மேட்ச்ட் தொடர் ஒரு குரலில் தொடங்கி மூன்றாவதான ரீச்ட்டில் (2012) மூன்று குரலாகிறது. லாரன் ஆலிவரின் டெலிரியம் தொடரின் கடைசி நாவல் ரெக்வீம் (2013) லீனாவையும், எதிர்ப்பக்கத்தில் வசதியாக இருக்கும் அவள் பழைய தோழி ஹானாவையும் மாற்றி மாற்றிப் பேசவிடுகிறது. ஏன் என்றால், ஒடுக்குமுறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும்வரை ஒரு கண்ணே போதும். புரட்சி என்று வந்துவிட்டால் ஒரே நேரத்தில் பல இடங்களில் பலருக்குப் பலவிதமாக நடக்கிறது, ஒரு பதினேழு வயதுக் கண்ணால் அத்தனையையும் பார்க்க முடியாது. இதை எல்லாரையும்விடத் திறமையாகச் செய்தவர் பாட்ரிக் நெஸ். அவருடைய கேயாஸ் வாக்கிங் தொடரின் கடைசி நாவலான மான்ஸ்டர்ஸ் ஆஃப் மென்னில் (2010) டாட், வயோலா இருவரோடு மூன்றாவதாக எதிரி இனத்தைச் சேர்ந்த ஒருவனும் பேசுகிறான், அதுவரை மனிதர்கள் கொன்றுகுவித்த இனம். அவன் பேசத் தொடங்கியதும் யார் பக்கம் நியாயம் என்ற கணக்கே கலைகிறது. 2011இல் பிரிட்டனின் சிறுவர் இலக்கியப் பரிசான கார்னகி பதக்கம் இந்த நாவலுக்குக் கிடைத்தது. ஒரு தொடரின் மூன்றாம் பாகத்துக்கு அப்படிப்பட்ட பரிசு கிடைப்பது எளிதல்ல.

பின்னுரை என்ற எபிலாக் விவகாரத்தையும் சொல்ல வேண்டும். மாக்கிங்ஜேயில் ஆண்டுகள் பல கடந்து, காட்னிஸின் பிள்ளைகள் புல்வெளியில் விளையாடுகிறார்கள், அவள் பிள்ளை பெற ஒப்புக்கொள்ளவே பதினைந்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. மேரி லூவின் லெஜண்ட் தொடரில் மூன்றாவதான சாம்பியனில் (2013) கதாநாயகன் டே தன் நினைவின் ஒரு பகுதியை இழந்து காதலி ஜூனையே மறந்துபோகிறான், பத்தாண்டு கழித்துத் தெருவில் சந்திக்கிறார்கள். இப்படிக் காலத்தைத் தாண்டிக் குதிப்பது வாசகரைச் சமாதானப்படுத்தும் உத்தி என்று சிலர் ஒதுக்குவார்கள். நான் ஒதுக்கமாட்டேன். பதினைந்து வயது வாசகர் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான், இவ்வளவு பட்டபிறகும் ஒருவரால் வாழ முடியுமா என்பது. அந்தக் கேள்விக்குப் போர் முடிந்த மறுநாள் பதில் கிடைக்காது.

இதற்கு நேர்மாறாக ஒரு உதாரணம் உண்டு. லோயிஸ் லௌரியின் த கிவர் 1993இல் வந்தது. அதன் முடிவில் சிறுவன் ஜோனஸ், தன் சமூகத்திலிருந்து தப்பித்துக் கூட்டிவந்த ஒரு குழந்தையோடு பனியில் சறுக்கிப்போகிறான், கீழே வெளிச்சம் தெரிகிறது, அவன் பிழைத்தானா, குளிரில் உறைந்து கனவு காண்கிறானா என்று சொல்லாமல் நாவல் முடிகிறது. பிறகு வந்த புத்தகங்களில் அவன் உயிரோடு இருப்பது தெரிந்துவிடுகிறது, நான்காவதும் கடைசியுமான சன் 2012இல் வந்து அந்தக் குழந்தையைப் பெற்ற பெண்ணின் கதையைச் சொல்கிறது. அந்தச் சமூகத்தில் பதினாலு வயதில் பிள்ளை பெறவைக்கப்பட்ட கிளேர். முதல் நாவலில் ஒரு வரிக்குமேல் யாரும் நினைத்துப்பார்க்காத ஒரு தாய், கடைசி நாவலின் மையமாகிறாள். புரட்சியைக் காட்டாமலும் ஒரு டிஸ்டோபியத் தொடரை முடிக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

திரைப்படங்களால் வந்த குழப்பம் தனி. மாக்கிங்ஜேயை 2014இலும் 2015இலும் இரண்டு படங்களாக வெட்டினார்கள், முதல் படம் முழுக்கக் காத்திருப்பாகவே போனதற்கு அந்த வெட்டுதான் காரணம். டைவர்ஜென்ட்டிலும் அதே திட்டம், ஆனால் 2016இல் வந்த அலீஜியன்ட் படம் ஓடவில்லை, மிச்சப் பாதி எடுக்கப்படவே இல்லை. ஆகவே படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு டிரிஸ் இன்னும் உயிரோடு இருக்கிறாள். த டெத் க்யூர் படம் (2018) நியூட்டின் சாவை மாற்றியிருக்கிறது. படம் பார்த்துவிட்டு நாவலைப் பற்றி முடிவுகட்ட வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஹங்கர் கேம்ஸ் மூன்றையும் வரிசையாகப் படியுங்கள், மூன்றாவதைத் தொடும்போது மாவட்டம் 13 வருகிற பக்கங்களை அவசரமில்லாமல் படியுங்கள். அது பிடித்திருந்தால் அடுத்து பாட்ரிக் நெஸ்ஸின் மூன்று நாவல்கள், அவற்றையும் வரிசை மாற்றாமல். 2020இல் வந்த ஸ்னோவின் இளமைக் கதையையும், 2025இல் வந்த ஹேமிச்சின் கதையையும் காலவரிசைப்படி முதலில் படிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம், மாக்கிங்ஜேக்குப் பிறகு படியுங்கள். அந்த வாக்கெடுப்பில் ஹேமிச் ஏன் அப்படி வாக்களித்தார் என்று நீங்களாக ஒரு முடிவுக்கு வந்தபிறகு அவருடைய பழைய கதையைப் படித்தால்தான் அது முழுசாக ஏறும்.